பச்சைப் புள்ளி

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. உன் கழுத்து வலி இப்போது எப்படி இருக்கிறது? என் இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது. மனதுதான் எதற்கும் கட்டுப்படுவதில்லை.

கடிதத்தைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். நம் திரைச்சீலைக் கடையின் இணையக் கணக்குக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று நான் ஃபோனில் அழுதபோது நீதான் சொன்னாய், "அண்ணி, மெசேஜ்ல எதுவும் எழுதாதீங்க, அவன் உள்ள உக்காந்து படிச்சிட்டிருப்பான்" என்று. ஃபோனில் பேசலாம்தான். உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ 'ம்ம்' கொட்டுவது அப்படியே உன் அண்ணன் கொட்டுவது. அவர் போய் ஒன்பது மாதமாகியும், அந்த 'ம்ம்' காதில் விழுந்தால் அன்று முழுக்க என்னால் கத்தரிக்கோல் பிடிக்க முடிவதில்லை. அதனால்தான் கூரியரில் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். கடைப் பக்கமும் விளம்பரக் கணக்கும் அவர் பெயரில் இருப்பது உனக்குத் தெரியும், நீதான் போட்டுக் கொடுத்தாய். என்னை இரண்டாவது ஆளாகச் சேர்த்ததும் நீதான். அவர் இறந்ததை அந்த இணையத்தளத்துக்கு நான் சொல்லவேயில்லை. சொன்னால் பக்கத்தை மூடிவிடுவார்களோ என்று பயம். யாராவது அவரைக் கேட்டு எழுதினால், "அளவெடுக்கப் போயிருக்கிறார்" என்று பதில் போடுவேன். அது முழுப் பொய்யென்றும் எனக்குத் தோன்றவில்லை.

போன வியாழன் காலை நான் திறந்து பார்த்தபோது எனக்கு அனுமதி இல்லை என்று வந்தது. மதியத்துக்குள் தையலம்மா தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து தன் ஃபோனைக் காட்டினாள். உன் அண்ணன். அதே நீலச் சட்டை, நம் கடைத் திரையை விலக்கிக்கொண்டு நிற்கிறார். "வெளிச்சம் எவ்வளவு வேணும், அதை மட்டும் சொல்லுங்க" என்று முடிப்பாரே, அந்த வீடியோ. ஆனால் வாயிலிருந்து வேறு பேச்சு வருகிறது. "படுத்த படுக்கையா இருந்த என்னை எழுப்பி நடக்க வெச்சது இந்த எண்ணெய்தான்" என்கிறார். கம்ப்யூட்டரில் செய்த குரலாம். உதடும் பொருந்துகிறது. இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தவரை எண்ணெய் எழுப்பிவிட்டதாம்.

தையலம்மா கேட்டாள், "அக்கா, இது எந்தக் கடையில கிடைக்கும்?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் அவளைத் திட்டவில்லை. ஒரு நொடி நானும் அதையேதான் நினைத்தேன்.

ஊருக்கெல்லாம் விளம்பரம் ஓட்டுகிறவள் நீ. என்ன செய்யவேண்டும் என்று எழுது. தையல் மிஷின் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். கழுத்து அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தால் அது என்ன செய்யும் பாவம். நீங்கள் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

நல்லவேளை, ஃபோனில் சொன்னபடி, விளம்பரத்துக்குக் கொடுத்திருந்த வங்கி அட்டையை அன்றைக்கே முடக்கிவிட்டீர்கள். இனி நான் சொல்வதை இதே வரிசையில் செய்யுங்கள். அண்ணன் ஃபோனிலிருந்தே செய்யவேண்டும், அது பழகின ஃபோன் என்று தளம் நம்பும். முதலில் அவர் மின்னஞ்சலைத் திறங்கள். "உங்கள் முகவரி மாற்றப்பட்டது, மாற்றியது நீங்கள் இல்லையென்றால் இங்கே தட்டுங்கள்" என்று ஒன்று வந்திருக்கும். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் தட்டவேண்டும். போலியும் அதே முகத்தோடு வரும், விவரம் தெரிந்தவர்களே அதில் விழுந்துவிடுகிறார்கள்.

உள்ளே போனதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வேறெங்கும் போடாத, யாராலும் ஊகிக்க முடியாத ஒன்று. மாற்றியதும் ஒரு கேள்வி வரும், மற்ற சாதனங்களிலிருந்து வெளியேறவா, அப்படியே இருக்கவா என்று. அப்படியே இருக்கட்டும் என்பதைத் தட்டுங்கள். இல்லையென்றால் கடைக் கம்ப்யூட்டரும் வெளியே போய்விடும், வீண் குழப்பம். பிறகு விளம்பரக் கணக்கில் ஆட்கள் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர்களை நீக்கிவிட்டு உங்களைச் சேருங்கள். ஓடுகிற விளம்பரங்களை நிறுத்துங்கள்.

ஒன்று முக்கியம். அண்ணன் இறந்ததை இப்போது தளத்துக்குச் சொல்லவேண்டாம். சொன்னால் அவர் கணக்கை நினைவுக் கணக்கு என்று பூட்டிவிடுவார்கள். அவர்தான் உரிமையாளர் என்பதால் கடையும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். நீங்கள் உரிமையாளரான பிறகு பார்த்துக்கொள்வோம்.

அந்த எண்ணெய் விளம்பரத்தை நானும் பார்த்தேன். முழுதாகப் பார்க்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு


பிப்ரவரி 15

அன்புள்ள வாலுவுக்கு,

உன் புண்ணியத்தில் உள்ளே வந்துவிட்டேன். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் நன்றாக இருக்கிறேன்.

ஆனால் சுலபமாக வரவில்லை. மின்னஞ்சலில் தட்டினால், உரிமையாளர் நீங்கள்தானா, முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவரில் இருந்த அவர் படத்தைக் கழற்றித் தூசி துடைத்து ஃபோனுக்கு முன்னால் பிடித்தேன். "முகத்தை இடப்பக்கம் திருப்பவும்" என்றது. படத்தை இடப்பக்கம் திருப்பினேன். "வலப்பக்கம் திருப்பவும்." திருப்பினேன். "கண்ணை மூடித் திறக்கவும்." படத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். "சரிபார்க்க முடியவில்லை, மீண்டும் முயலவும்" என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு வேறு வழி இருக்கிறதா என்று தேடியதில், எண்ணுக்குக் குறியீடு அனுப்பவா என்றது. அவர் சிம்முக்கு நான் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். ஏன் என்று கேட்காதே. அனுப்பு என்று தட்டினேன். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அந்த ஃபோன் மணியடித்தது, என் கையிலேயே. தையலம்மா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கடவுச்சொல் மாற்றினேன், அப்படியே இருக்கட்டும் என்று தட்டினேன், மூன்று அந்நியப் பெயர்களை நீக்கினேன். எண்ணெய் நின்றுவிட்டது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். திருடன் வருவதற்கு ரொம்ப முன்பிருந்தே, ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். அவர் உள்ளே இருக்கிறார் என்பதற்கான புள்ளி. அவர் ஃபோன் இழுப்பறையில் அணைந்துதான் கிடக்கும், நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டேகாலுக்குள் எரியும், அரை மணி நேரத்தில் அணைந்துவிடும். முதல் தடவை பயந்தேன். இரண்டாவது தடவை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பிறகு அவருக்கு எழுதத் தொடங்கினேன். திரைக்கம்பி அளவு தப்பாக வந்துவிட்டது, கட்டிடச் சொந்தக்காரர் வாடகை விஷயத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்படி. ஞாயிறு மதியம் எல்லாவற்றுக்கும் கீழே 'பார்த்தாச்சு' என்று விழும். நவம்பரில் ஒரு விஷயம் எழுதினேன். அதை உயிரோடு இருந்தபோது அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். பார்த்தாச்சு என்று விழுந்தது. அப்புறம் மூன்று புள்ளிகள் ஆடின, யாரோ பதில் தட்டும்போது ஆடுமே, அந்தப் புள்ளிகள். ஆடிக்கொண்டே இருந்து நின்றுவிட்டன. பதில் வரவில்லை.

அந்தப் பதிலுக்குத்தான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன். இது என்னவென்று உனக்குத் தெரிந்தால் சொல்.

உன் அண்ணி


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும். ஒத்தடம் கொடுக்கிறேன்.

கணக்கு திரும்பக் கிடைத்ததில் பெரிய நிம்மதி. அடுத்து இரட்டைப் பூட்டு போடவேண்டும். கடவுச்சொல்லோடு, ஒவ்வொரு முறையும் ஒரு குறியீடும் கேட்கும்படி செய்வது. குறியீடு உங்கள் எண்ணுக்கு வரட்டும். அவசரத்துக்கென்று பத்து எண்கள் தரும், அவற்றை ஃபோனில் படம் எடுத்து வைக்காதீர்கள், அளவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதிவையுங்கள். பழைய அட்டையைத் திரும்பச் சேர்க்கவேண்டாம். தினச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். யார் குறியீடு கேட்டாலும், நானே கேட்டாலும், சொல்லாதீர்கள்.

அலுவலகத்தில் வேலை நெட்டித் தள்ளுகிறது. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

வாலு


மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலமாக இல்லை, அதனால் நலம் என்று எழுதவில்லை. நீயாவது நலமாக இரு.

மறுபடி வந்துவிட்டான். நீ சொன்ன பூட்டு, பத்து எண், உச்சவரம்பு எல்லாம் செய்த பிறகும் வந்துவிட்டான். என்னை மறுபடி நீக்கிவிட்டு எண்ணெயை ஆரம்பித்துவிட்டான். இந்தத் தடவை உன் அண்ணன் நம் கடைக்குள்ளேயே நடந்து காட்டுகிறார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் நாற்பது கட்டிலுக்குத் திரை தைக்கச் சொல்லியிருந்தார்கள், உனக்குச் சொன்னேனா? நாங்கள் துணி வெட்டி முடித்துவிட்டோம். நேற்று அதன் மேலாளர் வந்தார். அவர் பொறுப்பில் இருந்த வார்டில்தான் உன் அண்ணன் கிடந்தார், அவருக்கு எல்லாம் தெரியும். "ஏம்மா, இறந்துபோனவரை வெச்சு எண்ணெய் விக்கிறீங்களே, மனசு எப்படி வருது?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். "உங்க கடைப் பேர்லதானே வருது?" என்றார். நான் என்ன சொல்ல? ஏப்ரல் முடிவதற்குள் இதை நிறுத்திக் காட்டினால்தான் திரை வேண்டுமாம். வெட்டின துணியை வேறு யாருக்கும் போட முடியாது. தையலம்மா வேறு வேலை பார்க்கட்டுமா என்று கேட்கவில்லை, ஆனால் மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து மூடிவைத்துவிட்டாள்.

பச்சைப் புள்ளி இப்போது கண்ட நேரத்திலெல்லாம் எரிகிறது. வேலை நேரத்தில் உன் அண்ணன் ஃபோனைத் தொடமாட்டார், ஆகவே இது திருடன். ஞாயிறு மதியம் எரிவது வேறு. எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

நான் கேட்டதற்கு நீ பதிலே சொல்லவில்லை. இரட்டைப் பூட்டுக்குப் பத்து வரி எழுதினாய், இதற்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

உன் அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

பதறாதீர்கள். முன்பு செய்தது போலவே செய்து உள்ளே போங்கள், மறுபடி கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றதை நான் இங்கிருந்து பார்க்கிறேன். வெளியாள் யாரிடமும் ஃபோனைக் காட்டவேண்டாம், முக்கியமாக உங்கள் தெருவில் இருக்கிற அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கெடுத்துவிடுவார்கள்.

பச்சைப் புள்ளியெல்லாம் மிஷின் கோளாறு. சில சமயம் அப்படிக் காட்டும். அதை நம்பி மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாத்திரை சாப்பிடுங்கள்.

வாலு


மார்ச் 26

வாலுவுக்கு,

நலம்தானே?

நீ வேண்டாம் என்றாய், ஆனாலும் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன. வந்தார், உன் அண்ணன் ஃபோனிலிருந்தே உள்ளே நுழைந்தார், கடவுச்சொல் மாற்றும் இடத்தில் அந்தக் கேள்வி வந்தது. நான் அப்படியே இருக்கட்டும் என்று தட்டப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன தடவையும் இதைத்தான் தட்டினீங்களாம்மா?"

"ஆமா."

"திருடனை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு, சாவியை மட்டும் மாத்தியிருக்கீங்க. ஏற்கெனவே உள்ள இருக்கிறவனுக்குச் சாவி எதுக்கு? யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

நான் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். அப்புறம் அவர் உள்ளே இருக்கிற சாதனங்களின் பட்டியலைத் திறந்தார். ஒவ்வொன்றும் எந்த ஊரில் இருக்கிறது, கடைசியாக எப்போது வந்தது என்று அதில் இருக்கிறது. நான் அளவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அப்படியே உனக்கு எழுதுகிறேன்.

ஒன்று, இந்த ஃபோன். இப்போது.

இரண்டு, கடைக் கம்ப்யூட்டர். நேற்று.

மூன்று, நான் கேள்விப்படாத ஓர் ஊர். நான்கு நிமிடத்துக்கு முன்.

நான்கு, உன் ஊர். ஞாயிறு, மதியம் பன்னிரண்டு பத்து.

"இதுல ஊர் தப்பாக் காட்டுமா?" என்று கேட்டேன். "காட்டலாம்மா. ஆனா நேரம் தப்பாக் காட்டாது" என்றார்.

எல்லாவற்றையும் ஒரே தட்டாக வெளியேற்றிவிடலாம் என்று அவர் விரலைக் கொண்டுபோனார். இந்தத் தடவை நான் அவர் கையைப் பிடித்தேன். மூன்றை மட்டும் தட்டச் சொன்னேன். எண்ணெய் அன்றோடு நின்றது. நான்கை விட்டுவைத்திருக்கிறேன். "அது திறந்திருந்தா அந்த மிஷின் வழியாவே மறுபடி வருவான்மா, அது யாருதுன்னு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கும் மடியில் கனம் உண்டு, அதனால் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலை எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அண்ணி


ஏப்ரல் 17

அண்ணி,

மூன்று வாரமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?

நான்காவது நான்தான். கணக்குப் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து என் மடிக்கணினியில் அது திறந்தேதான் இருந்தது. அண்ணன் இருந்தவரை நான் அந்தப் பக்கம் போனதில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார். "எப்ப வர்ற?" என்று இரண்டே சொல். அப்போது ஒரு பெரிய கம்பெனிக்கு விளம்பரம் ஓட்டிக்கொண்டிருந்தேன், அது முடியட்டும் என்று திறக்காமல் விட்டேன். திறந்தால் பார்த்தாச்சு என்று விழும், பிறகு பதில் சொல்லியாகவேண்டும். அந்த வேலை முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

எல்லாம் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கணக்குக்குள் போனேன். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு மெசேஜ். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், நான் பார்க்கவே இல்லை என்று அவர் பார்த்துக்கொண்டே கிடந்த மெசேஜ். ஒவ்வொரு ஞாயிறும் அதைப் போய்ப் பார்த்தேன். அதற்கு மேல் அதைச் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் உங்கள் மெசேஜ்கள் வரத் தொடங்கின. அவருக்கு எழுதியது. படிக்கக் கூடாது என்று தெரியும். படித்தேன். கம்பி அளவு தப்பானது, கட்டிடச் சொந்தக்காரர், எல்லாம். நவம்பரில் எழுதியதையும் படித்தேன். பதில் தட்டினேன், ஒரு வரி. அதை அவர் பெயரிலிருந்து அனுப்ப என்னால் முடியவில்லை. அழித்துவிட்டேன்.

திருடனை உள்ளே விட்டதும் நான்தான். ஜனவரியில் ஒரு ஞாயிறு அவர் கணக்கில் இருந்தபோது, இந்தப் பக்கம் இருபத்துநான்கு மணி நேரத்தில் நீக்கப்படும், உறுதி செய்க என்று ஒன்று வந்தது. போலி என்று குழந்தைக்கே தெரியும். இதில் விழாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். ஆனால் அந்த நேரத்தில் அவர் வீடியோவெல்லாம் போய்விடும், அந்த இரண்டு சொல்லும் போய்விடும் என்று மட்டும்தான் தோன்றியது. கடவுச்சொல்லைப் போட்டுவிட்டேன்.

வெளியேற்றாதீர்கள் என்று உங்களுக்குச் சொன்னது எதற்கென்று இனி நான் சொல்லவேண்டியதில்லை. அவனை வெளியேற்றினால் நானும் வெளியேறவேண்டும். ஒரு ஞாயிறு, இன்னும் ஒரு ஞாயிறு என்று இருந்தேன். என் ஞாயிற்றுக்கிழமைக்காக உங்கள் நாற்பது கட்டில் போகவிருந்தது.

நானே வெளியேறியிருக்கலாம். நாலு நாளாக விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் செய்துவிடுங்கள் அண்ணி.

வாலு


ஏப்ரல் 21

அன்புள்ள வாலுவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன், கடிதத்திலேயே தெரிகிறது. எதையாவது சமைத்துச் சாப்பிடு.

முதலில் கோபம் வந்தது. திருடன் விவகாரத்துக்காக இல்லை. பட்டியலை எழுதும்போதே எனக்கு நீ என்று தெரியும். ஆனாலும் உன் கடிதம் வரும்வரை, நான்காவது அவராகவும் இருக்கலாம் என்று ஒரு மூலையில் வைத்திருந்தேன். உன் ஊருக்கு உன்னைப் பார்க்கப் போயிருப்பார் என்றுகூட நினைத்தேன். சிரிக்காதே. யார் என்று கேட்டால் அணைந்துவிடும் என்றுதான் இத்தனை மாதம் கேட்கவில்லை. நீ எழுதியதும் அவர் இன்னொரு தடவை போய்விட்டார். அதற்குத்தான் கோபம். இரண்டு நாள் இருந்தது, போய்விட்டது.

நவம்பரில் எழுதியதைப் படித்துவிட்டாய். அதையும் வைத்துக்கொண்டு இத்தனை நாள் எனக்கு வழி சொல்லி எழுதியிருக்கிறாய். அதை இங்கேயும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன், நேராக உனக்கு. அவர் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொன்ன அன்று, "வாலுவுக்குச் சொல்லிடு, உடனே வரச் சொல்லு" என்று அவர் சொன்னார். சரி என்றேன். உன்னிடம் சொல்லவில்லை. "பயப்பட ஒண்ணுமில்ல, தேறிட்டு வர்றார், மெதுவா வா" என்று சொன்னேன். நீ வந்தால் அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார், இருக்கிற கொஞ்ச நாளும் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் வந்தவர்களிடமெல்லாம், கூடப் பிறந்தவள் வரவில்லை பாருங்கள் என்று குறைசொன்னேன். உன் எதிரிலும் சொன்னேன். நீ வாயைத் திறக்கவில்லை.

இதைத்தான் அவரிடம் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

கடையை என் பெயருக்கு மாற்றியாயிற்று. நான்தான் உரிமையாளர். குறியீடு என் ஃபோனுக்கு வருகிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர் எல்லாம் சரிபார்த்துவிட்டார். உன் மடிக்கணினியையும் ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்கிறார். ஒன்றுதான் பாக்கி. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற பொத்தான். அதை நான் வருகிற ஞாயிறு மதியம் ஒரு மணிக்குத் தட்டுவேன். பிறகு அவர் இறந்த தேதியைத் தளத்துக்குச் சொல்லிவிடுவேன்.

அழித்த வரி என்ன என்று கடிதத்தில் எழுதாதே. நான் கேட்ட இடம் வேறு.

உன் அண்ணி


ஏப்ரல் 28

அன்புள்ள வாலுவுக்கு,

நேற்று நடந்ததை எழுதிவைக்கிறேன். நீயும் அங்கே இருந்தாய், ஆனால் உனக்கு இந்தப் பக்கம் தெரிந்திருக்காது.

பதினொன்றரைக்கே கடையை அடைத்தேன். தையலம்மா நாற்பதில் முப்பத்தாறு திரையை முடித்து மடித்துவைத்துவிட்டுப் போயிருந்தாள். மேலாளர் சனிக்கிழமை வந்து என் ஃபோனில் எல்லாவற்றையும் பார்த்தார். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நீலத் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். வெட்டு மேஜையின் மேல் என் ஃபோனையும் அவர் ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு பத்துக்கு எரிந்தது. அவர் படம், நீலச் சட்டை, பக்கத்தில் பச்சைப் புள்ளி. நீ என்று தெரியும், ஆனாலும், மறைத்து என்ன, "வந்துட்டீங்களா" என்று வாய்விட்டே சொன்னேன்.

நவம்பர் மெசேஜின் கீழே மூன்று புள்ளிகள் ஆடின. நின்றன. ஆடின. பன்னிரண்டரை ஆயிற்று, பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. மறுபடியும் அழித்துவிடுவாய் என்று நினைத்தேன்.

பிறகு வந்தது. அவர் பெயரில், அவர் முகத்துக்குப் பக்கத்தில்.

"அண்ணி, நீங்க சொல்லியிருந்தாலும் நான் அடுத்த வாரம்னுதான் சொல்லியிருப்பேன்."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அவர் ஒருநாளும் என்னை அண்ணி என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லில் அவர் போய்விட்டார், அங்கே நீதான் இருந்தாய். எனக்காக உன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாயா, இல்லை, அது உண்மையா என்று நான் கேட்கப் போவதில்லை. உண்மை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரைக் காக்கவைத்தோம்.

நானும் பதில் தட்டத் தொடங்கினேன். ஒரு மணி ஆகிவிட்டது. சொன்ன நேரத்துக்குச் செய்யாவிட்டால் இன்னொரு ஞாயிறு, இன்னொரு ஞாயிறு என்று நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன் என்று தோன்றியது. அவர் ஃபோனை எடுத்துப் பொத்தானைத் தட்டினேன். உறுதியாகவா என்று கேட்டது. ஆம் என்றேன். புள்ளி அணைந்தது. நான் பாதி தட்டிய வரி என் பக்கத்தில் அப்படியே நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மீதியிருந்த நான்கு திரைக்கும் விளிம்பு மடித்தேன். கத்தரிக்கோல் கையில் நின்றது.

இதுதான் கடைசிக் கடிதம். கணக்கில் இனி யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை, காகிதத்துக்கு அவசியமில்லை. இது கைக்குக் கிடைத்ததும் ஃபோன் பண்ணு. 'ம்ம்' கொட்டு. நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அண்ணி